ஸ்வெட்டர் போட்ட வாள்

உலகத்திலேயே வாளுக்கு ஸ்வெட்டர் போட்ட ஒரே மனிதர் எங்கள் ஊட்டி ஃபெர்ன்ஹில் பட்டாளத்தார்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

பட்டாளத்தார் என்றதும் முறுக்கு மீசையையும் எல்லைப்புறத்தையும் கற்பனை செய்யாதீர்கள். ஒரு டீ எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ட பெரிய போர், போனஸ் சமயத்தில் ஆபீஸ் வாசலில் நடந்ததுதான். ஹால் சுவர் முழுக்கப் பழைய ஆயுதங்களை மாட்டி வைத்திருந்ததால் தெரு அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. குத்துவாள், ஈட்டி முனை, ஒரு வளரி, நடுநாயகமாக நீள வாள் ஒன்று. பழைய பங்களாக்களைக் காலி செய்து சாமான்களை ஏலம் விடும்போது மற்றவர்கள் கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் கை தூக்குவார்கள். இவர் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதற்குத் தூக்குவார்.

இரும்புக்கு ஊட்டியைவிடக் கெட்ட ஊர் கிடையாது. மூடுபனி ஜன்னல் வழியாக வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே நீள வாளுக்கு எண்ணெய் தடவி, பழைய ஸ்வெட்டரின் கையைக் கத்தரித்து உறையாக மாட்டி, பக்கத்தில் ஹீட்டரும் வைத்தார். மாடியில் குடியிருக்கும் என்னிடம்தான் அவர் மனைவி ருக்மணியம்மா பஞ்சாயத்துக்கு வருவார்.

"ஏனுங்க, நீங்களே கேளுங்க. வாளுக்கு ஹீட்டராமா, எனக்குக் கம்பளியாமா!"

"உனக்குத் துருவா புடிக்கப் போகுது?" என்று உள்ளிருந்து பதில் வரும்.

அந்த வீட்டுக்குள் நுழைய ஒரு விதி உண்டு. "கையைப் பின்னால கட்டிக்குங்க. தொட்டா விரல் போயிருமுங்க!" தோளில் கேஸ் சிலிண்டரைச் சுமந்து வந்த மனிதரிடமும் இதையே சொன்னார். அவர் சிலிண்டரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கடைசியில் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வளரியை எறிந்தால் எறிந்தவரிடமே திரும்பி வரும் என்று ஒருநாள் எங்களுக்குச் செய்து காட்டினார். எறிந்த வேகத்தில் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார். வளரி கீழே இருந்த கேரட் தோட்டத்துக்குள் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டது. அது வராது என்று அவரை நம்பவைத்து எழுப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னொரு நாள் காட்டெருமை ஒன்று கொல்லைக்குள் புகுந்து முட்டைக்கோஸை மேய ஆரம்பித்தது. "அந்த வாளையாச்சும் எடுங்களே!" என்று ருக்மணியம்மா கத்தினார். "அது பாட்டுக்கு ரெஸ்ட்டுல இருக்குது. ஒரு முட்டைக்கோஸுக்காக எழுப்பறதா?" என்றார் பட்டாளத்தார், கட்டில்மேல் நின்றபடி. கடைசியில் ருக்மணியம்மா தட்டைத் தட்டித்தான் அதை விரட்டினார்.

சிரித்தாலும் எனக்கு அவரிடம் ஒரு மயக்கம் இருந்தது. ஒரு சாயங்காலம் வாளின் பிடியைக் காட்டினார். கொடியும் இலையுமாக நுணுக்கமான வேலைப்பாடு. ஓரிடத்தில் மட்டும் இலைகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன.

"கட்டைவெரல் பட்ட எடமுங்க. புடிச்ச ஆளு யாரோ, எந்த ஊரோ. கை போயிருச்சு, தேஞ்ச எடம் மட்டும் இருக்குது பாருங்க."

சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலை அங்கே வைத்துக்கொண்டார். உத்தியோக காலம் முழுவதும் 'எஸ் சார்' சொல்லியே கூன் விழுந்த முதுகு, அந்தப் பிடியைத் தொட்டதும் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

எதிர்வீட்டு சதீஷ், மசினகுடியில் டூரிஸ்டுகளுக்குக் காட்டுச் சவாரி ஜீப் ஓட்டுகிறவன். பிறந்தநாள் கேக் வெட்ட வாளைக் கேட்டான். பட்டாளத்தார் தயங்கினார். ஆனாலும் யாரோ மதித்துக் கேட்டுவிட்டார்களே! ஸ்வெட்டரோடு தூக்கிக்கொண்டு அவரே போனார். சதீஷ் வாளைக் கேக்கின்மேல் வைத்து அழுத்தினான். கேக் வெட்டுப்படவில்லை, அமுங்கித் தோசையானது.

"கேக்குக்கெல்லாம் அது எறங்காது தம்பி," என்றார் பட்டாளத்தார், முகம் வெளுத்து. "அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது."

பேக்கரிக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டோம்.

சதீஷின் நண்பன் ஒருவன் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட, மறுநாள் காலை போலீஸ் ஜீப் வந்து நின்றது. தெருவே வாசலில் கூடியது. சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். சுவரைப் பார்த்தார், வாளைப் பார்த்தார்.

"அய்யா, இது வெட்டுமா வெட்டாதா? சும்மா அலங்காரத்துக்குன்னா விட்டுட்டுப் போயிருவேன். வெட்டும்னா, செவுத்துல இருக்கறது அத்தனையும் ஜீப்புல ஏத்தணுமுங்க."

பட்டாளத்தார் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். 'விரல் போயிரும்' என்று அவர் எச்சரிக்காத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. வெட்டும் என்றால் சுவர் மொட்டை. வெட்டாது என்றால் அவரே மொட்டை.

"வெட்டாதுங்க சார்," என்றார் மெதுவாக. "ஊர்வலத்துல இடுப்புல கட்டிக்கறதுக்குச் செஞ்சது. கூரே வெக்கல. ஏலத்துல எடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். மற்றவற்றையும் தொட்டுப் பார்த்தார். எல்லாமே மழுங்கிப் போனவைதான். "இனி பர்த்டேக்கெல்லாம் குடுத்துறாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதன்பிறகு பட்டாளத்தார் வெளியே தலைகாட்டவில்லை. ஹீட்டர், ருக்மணியம்மாவின் கட்டிலருகே வந்துவிட்டது. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டியவர் மாடியேறி வந்து கண்கலங்கினார்.

"அந்தப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டேங்கறாருங்க. எனக்குக் குளுரே பரவால்ல." இறங்கிப் போய் ஹீட்டரை அவரே தூக்கி வாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்றைக்குத்தான் சதீஷ், சவாரிக்கு வந்த டூரிஸ்டுகள் நாலைந்து பேரை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தான். வாசற்படியில் அவர்களை நிறுத்தி, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னான்: "எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்குங்க! தொட்டா விரல் போயிருமுங்க!"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பட்டாளத்தார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, வாளின் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

இப்போதும் நான் அந்த ஹாலுக்குள் போனால் கையைப் பின்னால்தான் கட்டிக்கொள்கிறேன். விரல் போய்விடும், பாருங்கள்.