காருக்குப் பிடித்த வினைல்

இதனால் உலகத்தாருக்கு அறிவிப்பது யாதெனில்: காரின் மேல் எந்த வினைல் தாள் ஒட்டுவது என்று இனி யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். காரே சொல்லிவிடும். அது பேசும் மொழி மட்டும் வினைல் ஞானி ஒருவருக்குத்தான் தெரியும்.

ஞானியின் ஷெட் வாசலிலிருந்து தெருமுனைவரை கார்கள். உள்ளே மேசைமேல் ஏழு வினைல் சுருள்கள். ஞானி கார் சாவியை நூலில் கட்டி, கண்ணை மூடி, ஒவ்வொரு சுருளின் மேலும் தொங்கவிடுவார். எதன்மேல் சாவி துள்ளுகிறதோ அதுவே காரின் மனம் விரும்பும் மேலாடை. வந்த கார் அத்தனையும் ஏழாவது சுருளையே விரும்பின. அப்படியொரு ஒற்றுமை மனிதருக்கு வாய்த்ததுண்டா?

டாக்ஸிக்காரர் இரண்டாம் முறையாக வந்திருந்தார். முதலில் ஒட்டியது இரண்டே மாதத்தில் பம்பர் வளைவில் சுருண்டு, பக்கக் கண்ணாடி மூடியில் உரிந்து தொங்கியது. திங்கட்கிழமை கம்பெனியில் வண்டியைப் பார்வையிடுவார்கள். இந்தக் கோலத்தில் போனால் வேலை போய்விடும். தூக்கம் கெட்ட மனிதர், தையற்கடை நடத்தும் மனைவியையும் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

"ஐயா, போன தடவை ஒட்டுனது உரிஞ்சுபோச்சுங்க."

"பாம்பு சட்டை உரிக்கலையா? உங்க வண்டி வளருதப்பா!"

கூட்டம் மெய்சிலிர்த்தது. டாக்ஸிக்காரரும் தலையாட்டினார்.

"எங்கங்க வளருது?" என்றாள் மனைவி. "நாலு வருஷமா அதே இடத்துலதானே நிறுத்துறோம். இன்னும் இடிக்கலையே!"

"சும்மா இருடி. ஞானி கோவிச்சுக்குவாரு."

சாவி ஏழாவது சுருளின்மேல் துள்ளியது. அவள் பையிலிருந்து குண்டூசி டப்பாவை எடுத்தாள்.

"என் ஊசிக்கும் ஏதாவது ஆசை இருக்கான்னு பாத்துடுவோம்."

ஆறு சுருள்களின் பக்கத்திலும் ஊசிகள் செத்தது போலக் கிடந்தன. ஏழாவதன் அருகே போனதும் தாவி ஒட்டி முள்ளம்பன்றியாயின. அட்டைக்குழலுக்குள் கைவிட்டாள். உள்ளங்கையளவு காந்தம் வந்தது.

"அது... காரோட இதயம்மா," என்றார் ஞானி.

"இதயத்துல ஸ்பீக்கர் கம்பெனி பேரு போட்டிருக்கே!"

அவள் நிற்கவில்லை. மூன்றாவதிலும் ஏழாவதிலும் ஒவ்வொரு சாண் வெட்டி, டாக்ஸியின் கண்ணாடி மூடி வளைவில் இழுத்து ஒட்டி, ஷெட்டில் கிடந்த வெப்பக்காற்றுக் கருவியை எடுத்துச் சூடான காற்றைக் காட்டினாள். ஏழாவது விளிம்பிலிருந்து சுருங்கி ஓடியது. மூன்றாவது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

"வளைவுக்கு எது நிக்குதோ அதை ஒட்டணும். இதுக்கு எதுக்குங்க ஞானம்?"

யாரோ பின்கதவைத் திறந்தார்கள். விலைபோகாத ஏழாவது சரக்கு மட்டும் கூரைவரை அடுக்கியிருந்தது. ஞானி திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் அவரை விட்டு விலகியது. விலகி, அப்படியே அவளைச் சூழ்ந்துகொண்டது.

"அக்கா! என் வண்டிக்கும் அந்தக் குண்டூசிய வச்சுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா!"

அவள் டப்பாவைப் படக்கென்று மூடினாள்.

"ஊசி துணியைக் குத்தத்தான் இருக்கு. உங்க மண்டைல குத்துனாலாவது யோசிப்பீங்களா?"

திங்கட்கிழமை டாக்ஸி மூன்றாவது வினைலோடு போய், வேலையோடு திரும்பியது. காருக்கு விருப்பம் எதுவும் கிடையாது. அது இரும்பு.