மூண்டு டொக்டரும் வாசல் பிள்ளையாரும்

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஒரே உடம்புக்குள் மூன்று டொக்டர்மாரைக் குடிவைத்திருந்த வீட்டுக்காரன் நான் ஒருவன்தான். வேறு யாரும் இருந்தால் வந்து சொல்லட்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மங்கரேயில் விமானச் சரக்குப் பெட்டி தூக்கித் தொடங்கி, லின்ஃபீல்டில் மாடி வீடு வாங்கி, மோர்ட்கேஜ் கடனையும் கட்டி முடித்தவன். அந்த வீட்டின் கீழறைக்கு வாடகைக்கு வந்தவரைத்தான் தெருத் தமிழர் எல்லாரும் ‘மூண்டு டொக்டர்’ என்றார்கள். ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலை. மனைவியும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில். சிறப்புப் பயிற்சிக்கு ஓர் இடம் கிடைத்தால் அவர்கள் இங்கே வரலாம். கிடைக்காவிட்டால் இவர் அங்கே போகவேண்டியதுதான். மூன்று வீட்டுக்குச் சாதகம் கொடுத்த மாப்பிள்ளை மாதிரி, சத்திரசிகிச்சை, மயக்க மருந்து, மனநலம் என்று மூன்று துறைக்கும் ஒன்றாக விண்ணப்பித்துவிட்டார்.

“ஒருத்தருக்குப் போட்டது மற்றவைக்குத் தெரியக்கூடாது அண்ணை. தங்கடை துறைதான் என்ரை சின்ன வயசுக் கனவெண்டு ஒவ்வொருத்தரும் நினைக்கோணும்.”

“மூண்டு கனவு காண நீர் எப்ப தம்பி நித்திரை கொண்டனீர்?”

நேர்முகத்துக்கு ஒத்திகை எங்கள் வீட்டில்தான். சத்திரசிகிச்சை நாளில் முழங்கை வரை கழுவி, ஈரக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூசணிக்காய்க்கு முன்னால் நிற்பார். என் மனுசி கத்தியைப் பிடுங்கிவிடுவாள். மயக்க மருந்து நாளில், நான் சோபாவில் கண்ணயர்ந்தால் தலைமாட்டில் வந்து நின்று, “வடிவா மூச்சு விடுறியள் அண்ணை” என்பார். அதற்குப் பிறகு யாருக்கு நித்திரை வரும்?

மனநலம் வேறு மாதிரி. ஒருநாள் மனுசி, “கறிக்கு உப்புக் கூடிப்போச்சு” என்றாள்.

“அது உங்களுக்கு எப்பிடி இருக்கு அக்கா?”

“எனக்கென்ன? தின்னப்போற உமக்குத்தான் இருக்கு” என்றவள், பிறகு கதிரையை இழுத்துப்போட்டு, கனடாவில் இருக்கிற தம்பி தன்னோடு கதைக்காததைப் பற்றிப் பொழுது சாயும்வரை கதைத்தாள். நானும் இடைக்கிடை அவரோடு இருந்து கதைத்திருக்கிறேன். அது வேறு.

நேர்த்திக்கடனும் மூன்று. சத்திரசிகிச்சைக்குப் பிள்ளையார், மயக்கத்துக்கு முருகன், மனநலத்துக்கு அம்மன். கடவுளுக்கும் ஒருவர் விசயம் மற்றவருக்குத் தெரியக்கூடாதாம். ஆனால் எந்தக் கோயில் வாசலிலும் பிள்ளையார் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்? முருகன் கோயிலுக்குப் போனபோது என் முதுகுக்குப் பின்னால் ஒளித்து உள்ளே நுழைந்தார். என் முதுகு அதற்குத் தாராளமாகக் காணும். ஐயர் விடவில்லை.

“தம்பி, பிள்ளையாரைக் கும்பிடாமல் போறீரே?”

“அவரோடை வேறை விசயம் கதைச்சிருக்கிறன் ஐயா.”

முதலில் சத்திரசிகிச்சை இல்லையென்றது. அடுத்து மயக்க மருந்து. படியில் குந்தியிருந்து சொன்னார்: “அண்ணனும் தம்பியும்தானே. கதைச்சிருப்பினம்.”

நான் சிரிக்கவில்லை. அவர் கைபேசியில் குழந்தை தவழுகிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனநல நேர்முகம் கணினியில், எங்கள் கீழறையில் நடந்தது. நானும் மனுசியும் கதவுக்கு வெளியே. என் ஆங்கிலம் சரக்குக் கொட்டகையில் படித்தது. ஒட்டுக்கேட்க அது போதும். வேறெங்கும் விண்ணப்பித்தீரா என்று கேட்டார்கள். மனுசன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், பிள்ளையாருக்கு ஒளித்தது உட்பட.

“அப்ப ஏன் எங்களிட்டை வாறீர்?” என்றது ஒரு குரல்.

“நான் இருக்கிற வீட்டில ஒருத்தரும் என்னை வெட்டவும் விடேல்லை, மயக்கவும் விடேல்லை. ஆனா எல்லாரும் வந்திருந்து கதைச்சவை. வீட்டுக்கார அண்ணையும்தான்.”

மனுசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இடம் கிடைத்தது, தெற்குத் தீவில். மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

எனக்கு இப்போது முழங்கால் நோவு. பக்கத்தில் கிளினிக் இருக்கிறது, போகவில்லை. மனநல டொக்டரிடம் முழங்காலைக் காட்டப்போகிறீர்களா என்று மனுசி சிரிக்கிறாள். டிசம்பரில் நத்தார் லீவுக்கு டொக்டர் பிள்ளையோடு வருகிறாராம். அதுவரை நோகட்டும், பரவாயில்லை.