வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்

நோயாளிகளில் சொன்னதைக் கேட்கிறவர், கேட்காதவர் என்று இரண்டே வகை உண்டென்று மருத்துவம் படித்தவர்கள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். வாசகரே, மூன்றாவதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. இவர் ஆலோசனை கேட்க வருவதில்லை. ஆலோசனை ஏற்கெனவே அவருடைய சட்டைப் பையில், போனுக்குள் இருக்கிறது. உங்கள் வாயால் அதற்கு ஓர் ஆமாம் வாங்கிப் போகத்தான் வருகிறார். ஆமாம் என்றால் நீங்கள் படித்தவர். இல்லை என்றால், பாவம், நீங்கள் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை.

ஜமுனாமரத்தூரில் சந்தைக்கு எதிரே புளி மண்டி வைத்திருக்கும் தங்கவேல் இந்த இனத்தில் முதல் தரம். வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை வந்து ஆறு வருடம். ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தே உள்ளே கொட்டை எவ்வளவு, சதை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். விற்க வந்தவர் பேச்சை ஒருநாளும் நம்பமாட்டார். ஆனால் முகம் தெரியாத ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போனில் பேசினால், எடை போடாமலே வாங்கிக்கொள்வார்.

அவர் போய் உட்கார்ந்தது தேவயானியின் முன்னால். தேவயானி உணவு ஆலோசகர். வாரத்தில் ஒருநாள், சந்தை நாளில், போளூரிலிருந்து மலைப்பாதை பஸ்ஸில் ஏறி வந்து, மண்டிக்கு நாலு கடை தள்ளி ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய கிளினிக்கில் இருப்பவர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தேவயானி கேட்டார். எதையெல்லாம் பார்க்கிறேன் என்று தங்கவேல் பதில் சொன்னார். வெந்நீரில் எலுமிச்சை பிழியச் சொன்னவர், பிழியக் கூடாதென்று அழுதவர், கூரியரில் வந்த விதைகள், அவற்றை இரவில் ஊறவைக்க வேண்டுமா பகலிலா என்று இரண்டு பேர் போட்டுக்கொண்ட சண்டை எல்லாம் வரிசையாக வந்தன.

தேவயானி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பங்கைச் சொன்னார். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சாமையோ சோறோ, மீதி பருப்போ முட்டையோ. மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பாடு. சாயங்காலம் நடை. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. மீதியையும் சொல்வார் என்று தங்கவேல் காத்திருந்தார். மீதி வரவில்லை.

"இத எங்க வூட்லயே சொல்றாங்களே மேடம்" என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி ரேணுகாதேவி சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

மூன்று மாதம் என்பதுதான் தங்கவேலுக்குப் பிடிபடவில்லை. போனில் ஒருவர் இருபத்தோரு நாளில் முடித்துக் காட்டுகிறாரே? முன் படம், பின் படம் இரண்டையும் நீட்டினார். முன் படத்தில் கன்னத்தில் இருந்த மச்சம் பின் படத்தில் இல்லை. சர்க்கரையோடு சேர்ந்து அதுவும் குணமாகியிருந்தது. அந்த ஆள் சொன்னது தினமும் பதினெட்டு மணி நேரப் பட்டினி. தேவயானி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க போடற மாத்திரைய போட்டுக்கிட்டுப் பட்டினி கெடக்காதீங்க. சக்கர ரொம்ப எறங்கிடும். அப்படித்தான் இருக்கணும்னா மொதல்ல டாக்டரப் பாருங்க."

தங்கவேல் தலையாட்டினார். இந்த இனத்தின் தலையாட்டலைப் புரிந்துகொள்ளத் தனிப் படிப்பு வேண்டும். புரிந்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

அடுத்த சந்தை நாள். பட்டினிக்கு அது ஐந்தாம் நாள். காலையில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்த தங்கவேல், பதினோரு மணிக்கு, மலைக் கிராமத்திலிருந்து செல்லி கொண்டுவந்த புளியை நிறுத்துக்கொண்டிருந்தார். தை மாதக் குளிரில் அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்ததைச் செல்லி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எப்போதும் ஒரு கிலோ குறைத்தே சொல்கிற மனிதர் அன்று இரண்டு கிலோ கூட்டிச் சொன்னார். ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இன்னாங்க பண்ணுது?" என்றாள். அவர் நாக்கு குழறியது; மூட்டைமேல் சாய்ந்தார். செல்லி கிளினிக்குக்கு ஓடினாள்.

தேவயானி வந்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை நாற்பத்தாறு. இன்னும் விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. இட்லி கொடுத்து டாக்டரிடம் அனுப்பிய பிறகுதான், செய்தி கேட்டு ஓடிவந்த ரேணுகாதேவி சொன்னார்: பன்னிரண்டு மணிக்குத் தங்கவேல் பைக்கில் மலைப்பாதை வழியாக ஆலங்காயம் இறங்குவதாக இருந்தாராம். தேவயானி அந்த வளைவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

சரி, ஆள் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? இந்த இனம் திருந்துவதற்கு முன்னால் வீடியோ போடும். 'எமனிடமிருந்து என்னை மீட்ட வெள்ளைப் பொடி' என்ற தலைப்பில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தங்கவேல் பேசியதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மறுவாரம் தேவயானியிடம் சர்க்கரை நோயாளிகள் மூன்று பேர், காலையில் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டு வந்தார்கள்.

தேவயானி அறையைச் சாத்திவிட்டு நேரே மண்டிக்குப் போனார்.

"உங்க பேச்ச நம்பி மூணு பேரு வெறும் வயித்துல சக்கரத் தண்ணி குடிச்சிருக்காங்க. ஒரு அம்மாவுக்கு இப்ப முந்நூத்தி எம்பது. உங்க வயசுதான்."

தங்கவேல், விற்ற சரக்கை யாரோ கடை வாசலில் திரும்பக் கொட்டியதுபோல நின்றார். பிறகு போனை எடுத்து வீடியோவை அழித்தார். "இப்ப நான் இன்னா பேசணும், சொல்லுங்க" என்றார். தேவயானி எழுதிக் கொடுத்தார். மூன்று முறை படித்துத் தடுமாறி, நான்காம் முறை காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்: "மாத்திரை போடறவங்க பட்டினி கெடக்காதீங்க. நான் கெடந்து வுழுந்தேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க." அந்தப் புது வீடியோவைப் பார்த்தவர்கள் முந்நூறு பேர்.

மூன்று மாதம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவு, ஆறு வருடத்தில் வராத நல்ல முடிவு. தேவயானிக்கு மனசு நிறைந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று கேட்டார், தன் பெயர் வருமென்ற சின்ன ஆசையோடு.

"ஒரு வீடியோ பாத்தேன் மேடம். நல்லா வெளக்கமா சொல்லியிருந்தாரு. தெனமும் போட்டுப் பாப்பேன்."

"யாரு?"

தங்கவேல் போனைத் திருப்பிக் காட்டினார். மூட்டைகளுக்கு நடுவே, "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று தங்கவேல் பேசிக்கொண்டிருந்தார்.

தேவயானி அடுத்த முறை வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். நாற்பத்தாறு என்ற இடத்தில், அது உண்மையிலேயே ஆபத்தான அளவுதானா என்று பார்க்க உங்கள் கை போன் பக்கம் போனது சும்மா தற்செயல்தான். எதற்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: தேவயானியின் அறை வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. தங்கவேல் எழுந்து போனதிலிருந்து அதில் ஓர் இடம் காலி.