முன்பக்க இடது கம்பு

நூற்றுப் பதினெட்டு வரை ஏறியிருந்த நாடித்துடிப்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கெடுத்தது.

“இப்படி மூச்சு வாங்குது. உக்காருங்கண்ணே” என்று டீக்கடை பாக்கியம் மிக்கேலின் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். பன்னீர் சோடா வேறு. இடது காலை இழுத்துக்கொண்டு அவர் எழுவதற்குள் கைக்கடிகாரத்தில் துடிப்பு எண்பத்து நாலுக்கு இறங்கிவிட்டது.

முப்பது வருடம் திராட்சைப் பெட்டி சுமந்து லாரி ஏற்றிய உடம்பு. தை மாதம் பக்கவாதம் வந்து இடது பக்கத்தைச் சாய்த்தது. தேனியில் பிசியோதெரபி பார்க்கும் எப்சிபா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “மெதுவா நடந்தா கால் இப்படியேதான் இருக்கும். இருதயம் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேகமா நடங்க. துடிப்பு நூத்தி இருவதுக்கு மேல அரை மணி நேரம் நிக்கணும்.”

மிக்கேலுக்குக் காலைவிடக் கம்பு முக்கியம். ஊர்த் திருவிழாவில் தோளில் சுமந்து வரும் சப்பரத்தின் முன்பக்க இடது கம்பு அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டுத் தோளுக்கு உரியது. அதைத் தூக்குகிற அன்றுதான் இனிக் கோவிலில் கால் வைப்பேன் என்று சபதம் செய்து, பூசைக்குக்கூடப் போவதில்லை. திருவிழாவுக்கு ஒன்பது வாரம் இருந்தது.

மனைவி சகாயராணியின் தம்பி பிரான்சிஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“சோடாவா மச்சான்? நல்லாக் குடிங்க. நாலு தெருவும் நிக்காம நடக்குறவனுக்குத்தான் கம்புன்னு கமிட்டி சொல்லிருச்சு. எந் தோளுக்குத் துண்டு வாங்கி வச்சுட்டேன்.”

“ஏலே, அந்தக் கம்பத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்.”

“எந்தக் கையால?”

கடிகாரம் நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

மறுநாளிலிருந்து மிக்கேல் கட்டிலில் சாய்ந்துகொண்டு பிரான்சிஸை நினைத்தார். நூற்று ஐந்து. அந்தத் துண்டை நினைத்தார். நூற்றுப் பத்து. வாரக் கடைசியில் எப்சிபா கடிகாரக் கணக்கைத் தன் போனில் பார்த்தாள்.

“துடிப்பு ஏறியிருக்கு. நடந்தது நாப்பது அடிதான். எங்கன நடந்தீங்க?”

“மனசுக்குள்ள.”

“அப்ப சப்பரத்தையும் மனசுக்குள்ளயே தூக்கிக்கங்க.”

டீக்கடைப் பக்கம் வேண்டாமென்று திராட்சைத் தோட்டத்துப் பாதைக்கு மாறினார். அங்கேயும் யாராவது இரக்கப்பட்டு உட்கார வைத்துவிடக் கூடாதென்று முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டார். பழம் பறிக்கிற பருவம். முகம் மூடிய ஆள் ஒருவன் பந்தல் ஓரமாக விரைவதைக் காவல்காரன் தவசி பார்த்தான். கோம்பை நாயை அவிழ்த்துவிட்டான்.

நூற்று முப்பத்தெட்டு. வாய்க்கால் வரை தாக்குப்பிடித்தார். அங்கே கால் மடங்கி விழுந்தார். நாய் நெஞ்சுக்கு நேரே நின்று உறுமியது. ஓடிவந்த தவசி துண்டை விலக்கினான்.

“மிக்கேலண்ணனா? ஒரு வார்த்த சொல்லிட்டு நடக்கப்படாதா?”

வீட்டில் சகாயராணி அவர் முட்டியைக் கழுவினாள்.

“போதுங்க. கம்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். மறுபடி விழுந்து தலையில பட்டா நான் என்ன செய்வேன்?”

வாசலில் நின்ற பிரான்சிஸ் சொன்னான்: “அக்கா, வாசல்ல ஒரு நாற்காலி போட்டுக் குடு. சப்பரம் வரும்போது மச்சான் அங்கன இருந்தே கும்புட்டுக்கட்டும். நான்தான் முன்னாடி வருவேன், நல்லாத் தெரியும்.”

மிக்கேல் சுவரைப் பிடித்து எழுந்தார். செருப்பைத் தேடினார்.

அடுத்த ஏழு வாரமும் எப்சிபா அவர் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மேட்டில் ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். இரண்டு முறை வாந்தி எடுத்தார். நிற்கவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் நாலு தெருவையும் நிற்காமல் நடந்து கோவில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார். நூற்று இருபத்தாறு. எதிரில் பிரான்சிஸ்.

“வழிய விடுலே. கம்பு எங்க?”

பிரான்சிஸ் ஒதுங்கினான்.

அவனுக்குப் பின்னால் சப்பரம், பூவும் விளக்குமாக, ஒரு டிரெய்லர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதில் கம்பே இல்லை.

டிராக்டர் ஓட்ட வந்த பால்பாண்டி கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான்: “இனிமே டிராக்டர்தான்னு ஈஸ்டர் பூசையிலயே பங்குச் சாமியார் சொல்லிட்டாகண்ணே. ஒங்க காதுக்கு மட்டும் அது போயிறக் கூடாதுன்னு பிரான்சிஸ்தான் வீடு வீடா வந்து கும்புட்டுக் கேட்டுட்டுப் போனாப்ல.”