ஜன்னலோர வெயிலும் மாமியார் வீட்டுத் தையல் மெஷினும்

ரிட்டயர் ஆன அன்றே முடிவு செய்துவிட்டேன். இனி என் வாழ்க்கை வெயிலில்தான்.

குன்னூரில் வெயில் என்பது விருந்தாளி மாதிரி. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு ஜன்னலில்தான் உட்காரும். அங்கே என் சாய்வு நாற்காலி, கையில் டீ, கீழே தேயிலைச் சரிவில் மெதுவாக ஏறி வரும் மேகம், பாதிக் கண் மூடிய நான். பேக்டரியில் நட்டு முடுக்கிய காலமெல்லாம் இந்தக் கனவுதான்.

ஆனால் அந்த ஜன்னலில் என் மனைவி வேலாமணியின் தையல் மெஷின் இருந்தது. அவள் அம்மா வீட்டுச் சொத்து. மூன்று தலைமுறைப் பெண்கள் மிதித்தது. தைக்கும்போது அவள் முகத்தில் ஓர் அழகு வரும் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சொக்கிப் போவேன். அதற்காக வெயிலை விட்டுக்கொடுக்க முடியுமா?

"மெஷினைப் பின் ரூமுக்கு நகத்திரலாமா?"

"அம்மா குடுத்ததுங்க. எங்கிட்ட இருக்கற வரைக்கும் நகராது."

ஓஹோ! அவளிடம் இருக்கிற வரைக்குமா? என் மூளை சுறுசுறுப்பானது.

"உனக்கப்புறம் ஆருக்கு?"

"எங்கூட்டுல அம்மாவுக்கப்புறம் மகளுக்குங்க. நமக்குத்தான் ரெண்டும் பையனுங்களாச்சே." குரல் இறங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"எனக்குக் குடு! ஆம்பளை வாங்குனா ஆகாதா?"

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"முறைப்படியே வாங்கிக்கிறேன்!"

அவள் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு அனுராதா சாட்சியாக நிற்க, வேலாமணி மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். பயபக்தியோடு வாங்கிக்கொண்டேன். அனுராதா வீட்டுக்குப் போனதும் மெஷினைப் பிடித்து இழுத்தேன்.

"தாராளமா நகத்துங்க, உங்க மெஷின். மிச்சத்தை முடிச்சுட்டு நகத்துங்க."

"எந்த மிச்சம்?"

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தாள். அம்மாடி! என் உயரம் இருந்தது.

"மெஷினை வாங்கறவங்கதான் பாதியில நிக்கற துணியத் தச்சு முடிக்கோணும். எங்கூட்டு முறைங்க. எங்கம்மா விட்ட பாவாடைங்களை நான் புதுப்பொண்ணா உக்காந்து தச்சேன். இப்ப மாரியம்மன் திருவிழா வருதுங்களா, தெருவே துணி குடுத்திருக்கு."

"எனக்குத் தைக்கத் தெரியாதே!"

"மகளா இருந்தா சொல்லித் தர மாட்டனா? வாங்க, உக்காருங்க."

பின் ரூம் இருட்டில் ஊசிக்கண்ணே தெரியாது. வேறு வழி? ஜன்னலோரமே உட்கார்ந்தேன். மிதித்தால் சக்கரம் பின்னால் ஓடியது. நூல் அறுந்தது. என் மானமும் கூடவே போனது.

நான் மெஷினை இழுத்ததில் ஜன்னலோரம் விழுந்த இடத்தில், வேலாமணி சாய்வு நாற்காலியை வெயிலில் இழுத்துப் போட்டாள். கையில் டீ. மேகம் ஏறி வந்தது. அவள் கண் பாதி மூடியது.

"காலைச் சீரா மிதிங்க."

அனுராதா எட்டிப் பார்த்தாள். "அக்கா, என் ஜாக்கெட்டு?"

கண்ணைத் திறக்காமலே வேலாமணி என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்பாடா, அண்ணனா! அக்கா தச்சா கை இறுக்குதுங்கண்ணா. நீங்களாச்சும் அளவு பாத்துத் தைங்க."