உன் அக்காவைப் பின்தொடர்ந்தது தொடர்பாக

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. ‘இங்கு இருவரும் நலம்’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது நான்தான் என்பதற்கு ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். காரணம் கீழே வருகிறது. நீயும் உன் படப்பிடிப்புக் குழுவினரும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் எனக்கே விளங்கும். முப்பத்தொரு வருடம் குற்றப்பிரிவில் இருந்தவனின் புத்தி அப்படி.

முதலில் உன் தொடர். போலீஸ் துப்பறிவாளர் ஒருவரும் மனநல நிபுணர் பெண்ணொருத்தியும் சேர்ந்து கொலைகளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நீ எழுதும் கதையை, வெள்ளிதோறும் மாலை ஏழு மணிக்கு நானும் உன் அக்காவும் ஆறு வாரமாகத் தவறாமல் பார்க்கிறோம். உன் துப்பறிவாளர் கொலை நடந்த வீட்டில் இருந்த காபிக் கோப்பையைக் கையுறை இல்லாமல் எடுத்து மோந்து பார்க்கிறார். கைது செய்யத் தனியாகப் போகிறார். ஆறு வாரத்தில் வழக்கு நாட்குறிப்பில் ஒரு வரி எழுதவில்லை. எழுதாதவனை என் மேலதிகாரி நிற்க வைத்தே கொன்றிருப்பார், அதற்குத் தனி வழக்கு. அந்த மனநல நிபுணர் என்ன செய்கிறாள்? சந்தேகப்பட்டவனுக்கு எதிரே உட்காருகிறாள், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள், ஒன்றும் கேட்காமல் காத்திருக்கிறாள். பத்தே நிமிடத்தில் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். நானும் என் காலத்தில் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன் மாப்பிள்ளே, குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னால் உன் அக்கா, “அந்தப் பொண்ணு கேக்கிறா, உங்க ஆளு விசாரிக்கிறான். ரெண்டும் ஒண்ணா?” என்கிறாள்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, அந்தப் பெண் ஒரு வசனம் சொன்னாளே, ‘மறைக்கிறதெல்லாம் குத்தம் இல்லை, சிலது பயம்’ என்று, அந்த இடத்தில் உன் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். கொலைகாரன் யாரென்று தெரிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மணி ஏழு நாற்பத்திரண்டு. நான் குறித்துக்கொண்டேன். சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். மறுநாள் அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், ஒரு பை. உள்ளே இரண்டு நைட்டி, ஒரு துண்டு, உறை பிரிக்காத சோப்பு, புதுப் பல்துலக்கி. செவ்வாய்க்கிழமைதோறும் தையல்காரரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள், தையல்காரருக்குச் செவ்வாய் விடுமுறை, கடைவாசலில் நின்று நானே பூட்டைப் பார்த்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஃபோன் பேசுகிறாள். குழாய்ச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது என்று கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். இதற்கெல்லாம் மேல், ஒரு வாரமாக எனக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் ‘உப்பு’, ‘சர்க்கரை’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள். முப்பது வருடம் அந்த டப்பாக்கள் பெயரில்லாமல்தான் இருந்தன. அவளுக்கு எதற்குப் பெயர்?

ஆகவே என் முடிவு: உன் அக்கா என்னை விட்டுப் போகப்போகிறாள். போவதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் பதினொரு காரணம் வந்தது. பன்னிரண்டாவது வரும் போலிருக்கவும் பேனாவை மூடிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் அவள் கிளம்பியதும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கையில் செய்தித்தாளோடு பின்னாலேயே போனேன். அவள் பேருந்தின் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில் ஏறினேன். எல்லாம் முறைப்படி. நடத்துனரைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. எப்போதோ திருட்டுப் போன அவனுடைய சைக்கிளை நான் மீட்டுக் கொடுத்தேனாம். “இன்ஸ்பெக்டர் ஐயா! வாங்க வாங்க! யாருப்பா அது, ஐயாவுக்கு எழுந்து இடம் விடு!” என்று பேருந்தே திரும்பும்படி ஒரு கத்து. உன் அக்காவும் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள். பிறகு நடத்துனரிடம், “அவருக்கும் சேர்த்து டிக்கெட் குடுங்க” என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கிருந்து வீடு வரை அவள் முன்னாலும் நான் பின்னாலும் நடந்தோம். பின்தொடர்வது என்றால் அதுதான் மாப்பிள்ளே, சம்பந்தப்பட்டவரின் முழுச் சம்மதத்தோடு.

வீட்டுக்கு வந்து விசாரணையைத் தொடங்க வாய் திறந்தேன், சரியாக வரவில்லை. அப்போதுதான் உன் மனநல நிபுணர் ஞாபகத்துக்கு வந்தாள். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. அவள் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “என்னங்க, உடம்பு சரியில்லையா? ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறீங்க?” நான் அப்போதும் பேசவில்லை, முறை அப்படியல்லவா. அவள் பயந்துபோய் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஓடிவந்தார். நூற்று அறுபது. “சார், யாரையாவது அரெஸ்ட் பண்ணிட்டு வந்தீங்களா?” என்று கேட்டார். விசாரிக்கப்பட வேண்டியவள் விசாரணை அதிகாரியைப் படுக்க வைத்து, வைத்த தண்ணீரை அவருக்கே குடிக்கக் கொடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் போனதும் சிரிக்க ஆரம்பித்தாள். தொப்பியை நினைத்து நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். “கட்டி இருக்குங்க. கர்ப்பப்பையில. அதோட சேர்த்து எடுத்துடணுமாம். பயப்படுற மாதிரி தெரியலைன்னுதான் டாக்டரம்மா சொல்றாங்க, ஆனா எடுத்து சோதிச்சாத்தான் உறுதியா சொல்ல முடியுமாம்.”

“என்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“சொன்னா நீங்க கேப்பீங்க. எப்ப தெரிஞ்சுது, யாரு சொன்னா, ஏன் அன்னைக்கே சொல்லலை, ஏன் அதுக்கு முன்னாடியே காட்டலைன்னு. எனக்கு எதுக்கும் பதில் தெரியாதுங்க. நானே அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

என் வேலைக்காலம் முழுக்கக் கேள்விகள்தான். அன்றைக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. “பையில சால்வை இல்லையே, ஆஸ்பத்திரியில குளிருமே” என்றேன். “பையைப் பார்த்தாச்சா?” என்றாள். என் சால்வையை எடுத்து மடித்து வைத்தேன். சரியாக மடிக்கவில்லை என்று திரும்ப எடுத்து மடித்து வைத்தாள்.

இப்போது உன் விஷயம். அந்த வசனத்தைக் கேட்டு ஏன் எழுந்து போனாய் என்று உன் அக்காவைக் கேட்டேன். “அது நான் தம்பிகிட்ட ஃபோன்ல அழுதப்போ சொன்னது. அப்படியே எழுதி டிவியில போட்டுட்டான்” என்றாள். ஆக உனக்கு ஒரு மாதமாகத் தெரியும்! அக்காவின் பயத்தை ஊருக்கே சொன்னாய், அத்தானுக்குச் சொல்லவில்லை. நீ இந்த வழக்கில் உடந்தை. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இதை எழுதும்போது குறைந்திருக்கிறது. அவள் யாரிடமாவது அழுதிருக்கிறாளே, அதுவரைக்கும் சரி.

வருகிற புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம், வியாழன் காலை ஒன்பது மணிக்கு அறுவை சிகிச்சை. உனக்கு அந்த வாரம் முழுக்கப் படப்பிடிப்பு என்று தெரியும். வேலையைக் கெடுத்துக்கொண்டு நீ வரத் தேவையில்லை. எத்தனையோ பிரேதப் பரிசோதனைக்குப் பக்கத்தில் நின்றவன் நான், ஒரு பெஞ்சில் மூன்று மணிநேரம் உட்காருவது எனக்குப் பெரிய விஷயமில்லை. வரிசைப்படி எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன், தைரியமாகவும் இருக்கிறேன். ஆகையால் வராதே. உன் துப்பறிவாளருக்குக் கையுறை மட்டும் வாங்கிக் கொடு.

நீ தொட்டதெல்லாம் துலங்கி, நோயில்லாமல் நீடூழி வாழ இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாரு. வராதேன்னு அவரு எழுதியிருக்கிறதை நம்பாதே. நேத்து சாயங்காலம் அந்த பெஞ்சு எங்கே இருக்குன்னு பார்த்துட்டு வரேன்னு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழட்டாம நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. என்னங்கன்னு கேட்டா, பெஞ்சு நல்லாத்தான் இருக்குன்னாரு. புதன்கிழமையே கிளம்பி வந்துடு. எனக்காவது மயக்க மருந்து குடுத்துடுவாங்க. முழிச்சுக்கிட்டு இருக்கப்போறது அவருதானே.