செங்கம்மாளின் டேபிள் ரோஸ்

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு முதல் வேலையாக வாசல் பாத்தியைப் பார்த்த சேகர் ஓடிப்போய்க் குனிந்தான். டேபிள் ரோஸ் அத்தனையும் இதழைச் சுருட்டிக்கொண்டு தலை தொங்கிக் கிடந்தது.

மனைவி செங்கம்மாள் தலைப்பிரசவத்துக்காகப் பழவேற்காட்டிலிருக்கும் தாய் வீட்டுக்கு அன்று காலையில்தான் பஸ் ஏறியிருந்தாள். ஒரே பகலில் இத்தனை நாசமா?

கல்யாணமான புதிதில், தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயிலுக்குப் போனபோது தெருவில் விற்றவனிடம் அவன் வாங்கித் தந்த செடிகள் அவை. பட்டுப்புடவைக்கு வக்கில்லாத மாப்பிள்ளை, சிவப்பு, மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று கலர் கலராகச் செடி வாங்கித் தந்து சமாளித்தான். அன்றிலிருந்து அவள் கையில் ஒரு செடிகூடச் செத்ததில்லை என்பது கவரைப்பேட்டையில் அவர்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. செங்கம்மாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தாள்.

பஸ் ஏறும்போதுகூடக் கண்டிப்பாகச் சொன்னாள். "த பாருயா, நீ ஆசையா வாங்கிக் குடுத்த செடிங்க. பத்ரமா பாத்துக்க. எதுனா ஒண்ணுன்னா எனக்குச் சொல்லியனுப்பு. பக்கத்தூட்டு கெங்கம்மாகிட்ட மட்டும் போய் நிக்காத. அந்த வாய் நல்ல வாய் இல்ல."

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். சேகருக்கு ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் வேலை. விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் எழுந்து பல் தேய்க்கும்போது அந்தப் பூக்களைப் பார்ப்பதோடு சரி. சாயங்காலத்தில் அவை எப்படி இருக்கும் என்று அவன் கவனித்ததே இல்லை.

தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி இரண்டு குடம் ஊற்றினான். மறுநாள் விடியுமுன் எழுந்து பார்த்தான். அப்படியேதான் சுருண்டிருந்தன. இன்னும் இரண்டு குடம் ஊற்றினான்.

கம்பெனியில் பக்கத்து மெஷின்காரன் துலுக்காணத்திடம் புலம்பினான்.

"வெயிலு மச்சான், வெயிலு!" என்றான் துலுக்காணம். "நமக்கே தாங்கல. பூ இன்னா பண்ணும்? பந்தல் போடு."

தென்னங்கீற்றில் பந்தல் எழும்பியது. பாத்தி குளுகுளுவென்று ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையிலும் ஒரு பூகூடத் திறக்கவில்லை. தண்டுகள் கொழகொழத்தன.

"சத்து பத்தலடா" என்றான் துலுக்காணம். "நீயே மீன்காரன் ஊட்டுப் புள்ள. உனக்கு நான் சொல்லணுமா? மீன் கழிவப் போடு."

போட்டான். மறுநாள் காலையில் பாத்தி இருந்த இடம் உழுத வயலாக இருந்தது. ஊர்ப் பூனைகள் ஒன்றுகூடத் தவறாமல் வந்து போயிருந்தன. செடி என்று சொல்ல ஒரு தண்டு மிஞ்சவில்லை.

இந்த லட்சணத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சேதி வந்தது. விழுந்தடித்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு ஓடினான்.

"செடிங்கல்லாம் எப்டி கீது?" என்பதுதான் செங்கம்மாளின் முதல் கேள்வி.

"ஜோரா கீது" என்றான் சேகர், குழந்தையைப் பார்த்தபடி.

தூக்கக் கை நீட்டினான். மாமியார் குறுக்கே வந்துவிட்டாள். "ஸ்பேனர் புடிக்கற கை நைனா அது. என் பொண்ணு வந்து பாக்கட்டும், அந்தச் செடிங்கள உசுரோட வெச்சினு இருக்கறியான்னு. அப்பறம் புள்ளையத் தூக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். சேகரும் சிரித்தான். திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்கு அழுகை முட்டியது. பெற்ற பிள்ளையை ஒரு தரம் தூக்க முடியவில்லையே என்று ஆறவில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ஓரத்தில், சிவந்த தண்டும் சதைப்பற்றான இலையுமாக ஒன்று படர்ந்திருப்பதை ஒருநாள் கண்டான். அதேதான்! ஒரு பை நிறையப் பிடுங்கி வந்தான். பந்தலைப் பிரித்துப்போட்டு, வரிசையாக நட்டான். இந்தத் தரம் அது என்னமாய்த் தழைத்தது! சேகருக்குப் பெருமை பிடிபடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா, பருப்புக்கீரையா? சோக்கா வந்துகீதே. ஒரு பிடி குடேன், கடையறதுக்கு."

சேகர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் செங்கம்மாள் வருகிறாள். அவள் போட்ட உத்தரவெல்லாம் காற்றில் பறந்தது. வேலியைத் தாண்டிப் போய், கெங்கம்மாளின் வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினான். நடுவில் கண்ணீரும் வந்துவிட்டது.

கெங்கம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐய, அது வெயிலு ஏறினாத்தான் தொறக்கும், பொய்து சாஞ்சா மூடிக்கும். தூங்கினு இருந்த செடிய தண்ணி ஊத்தியே கொன்னுகீற!"

"இப்ப இன்னா யக்கா பண்றது? பேஜாராப் பூட்சே."

அவள் தன் பாத்தியிலிருந்து மொட்டு வைத்த தண்டுகளாகக் கை கையாகக் கிள்ளினாள். கீரையைப் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டு, அந்த இடத்தில் தானே நட்டும் கொடுத்தாள். ஓரத்துக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், படிக்கட்டுப் பக்கம் ரோஸும் வெள்ளையும். சேகர் ஒரு கலரைக்கூடச் சொல்லவேண்டி வரவில்லை.

"தண்ணி ரவயூண்டு ஊத்து போதும். வெயில வுட்டுடு, அது பாத்துக்கும்."

"செங்கம்மாகிட்ட சொல்லிடாத யக்கா."

"எத்தினி பேரு ரகசியத்ததான் நான் வயித்துல வெச்சினு இருப்பேன்" என்று பெருமூச்சு விட்டபடி அவள் கீரையோடு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. வெயில் சுள்ளென்று ஏறிய வேளையில் செங்கம்மாள் குழந்தையோடும் தாயோடும் வந்து இறங்கினாள். பாத்தி பூராவும் பூ. கண் கூசுகிற மாதிரி நாலு கலரும் விரிந்திருந்தது.

செங்கம்மாள் வீட்டுக்குள் போகாமல் பாத்தியையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுகூட போவலியா?" என்றாள், நம்ப முடியாதவளாக.

"ஒண்ணுகூட போவல."

அவள் முகம் மலர்ந்துபோனது. "என்னாட்டமே உனுக்கும் ராசியான கைதான்யா!" என்று, தாய் வாயைத் திறப்பதற்குள், குழந்தையை அவன் கையில் வைத்துவிட்டாள்.

அது கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. சேகருக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தப் பிஞ்சைப் பொய் சொல்லியா தூக்க வேண்டும் என்று உடனே மனசு குத்தவும் குத்தியது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

"செங்கம்மா, அது வந்து..."

அதற்குள் பிள்ளையைப் பார்க்க வந்த கெங்கம்மாள் படியேறிவிட்டாள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுக்கொண்டு, செங்கம்மாளைப் பார்த்துச் சொன்னாள்:

"செடி செத்துப்போச்சுன்னு ரெண்டு வாட்டி நீ வந்து அயுத, இந்த வாட்டி உம் புருசன் வந்து அயுதான், அடுத்த வாட்டிக்கு இந்தக் குட்டிய அனுப்புங்க, அயுவாம கேட்டாலே குடுக்கறேன்."